மீன்தொட்டிப் பாசிக்குக் கிணற்றையும் பாருங்கள்

கண்ணாடியை எத்தனை முறை சுரண்டினாலும் பச்சைப் பாசி திரும்ப வந்துகொண்டே இருந்தது. யாழ்ப்பாணத்தில் இதற்குக் கிணற்றையும் பார்க்க வேண்டும். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிக் கசிவும் சுண்ணாம்புக்கல் வழியே இறங்கி, பாசிக்கு உணவாகும் நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்ந்துவிடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையும் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. தொட்டி நீரை மாற்றும்போது அந்தத் தண்ணீரை ஊற்றினால் பாசிக்குப் பசளை போட்ட மாதிரித்தான். நைத்திரேற்றுச் சோதனைப் பட்டியில் எங்கள் கிணற்று நீரும் கடும் சிவப்பு.

மாரியில் கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு மழைநீர் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். ஒரேயடியாக ஊற்றாதீர்கள், மழைநீர் மென்னீர்; கப்பி மீன்களுக்குக் கடினநீர்தான் ஒத்துவரும். அப்புறம் தொட்டியை யன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி, விளக்கை 6 மணித்தியாலத்தோடு நிறுத்தினேன். மிதக்கும் செடிகளும் விட்டேன். பாசி அடங்கிவிட்டது. பாசிகொல்லி மருந்து மட்டும் வேண்டாம்: செத்த பாசி அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன்கள் திணறும்.