ரக்பியில் விசில் கேட்டதும் வாயை மூடப் பழகுவது எப்படி?

ரெஃப்ரியோடு வாதாடி, நம் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி உதையை ரத்து செய்ய வைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டவர்களைத்தான் வாராவாரம் பார்க்கிறேன். ரக்பி விதிப் புத்தகத்தின் விதி 9-லேயே இருக்கிறது: ரெஃப்ரியின் முடிவை எதிர்த்துப் பேசக்கூடாது, விசில் ஊதியதும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மீறினால் பெனால்டி இன்னும் 10 மீட்டர் உங்கள் பக்கம் நகரும். 45 மீட்டரிலிருந்து கோலுக்கு உதைத்து 3 புள்ளி எடுக்க உள்ளூர் கிளப்பில் எத்தனை பேருக்குக் கால் இருக்கிறது? ஒருவர் கையை விரித்து "என்ன சார் இது" என்று கத்தியதும் அது 35 மீட்டராகிவிடும், 3 புள்ளி போச்சு. அப்படியும் அடங்காவிட்டால் மஞ்சள் அட்டைதான், அவர் வெளியே போக, 10 நிமிடம் 15 பேருக்குப் பதில் 14 பேரோடு ஓட வேண்டும்.

இதை டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது) போலவே பயிற்சியில்தான் பழக்க முடியும். பயிற்சி ஆட்டத்தில் கோச் முன்கூட்டிச் சொல்லாமல், வேண்டுமென்றே நாலைந்து தப்பான பெனால்டிகளை ஊதட்டும். பந்து வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறியாமல் அங்கேயே தரையில் வைக்க வேண்டும், மற்றவர்கள் எதிரணியைப் பார்த்தபடியே 10 மீட்டர் பின்னால் போக வேண்டும், பேச்சே கிடையாது. யாராவது முணுமுணுத்தால் இன்னொரு 10 மீட்டர். முதலில் எல்லோருக்கும் கோபம் வரும், வரட்டும், அந்தக் கோபத்தோடு ஆடிப் பழகத்தான் இந்தப் பயிற்சியே.

அப்புறம் காது. "புளூ செவன், ரோல் அவே" (நீல அணியின் 7-ம் எண்காரரே, உருண்டு விலகு) என்று ரெஃப்ரி ரக்கைப் பார்த்து, அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்து, சத்தம் போட்டால், விசிலுக்கு முன்னால் அவர் தரும் வாய்ப்பு அது. தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அடியில் சிக்கிக்கொண்டவர் கைகளை விரித்துக் காட்டி நகரப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களும் "செவன், நகரு" என்று குரல் கொடுக்கலாம்.

ரெஃப்ரியிடம் பேசுவது கேப்டன் மட்டும்தான், அதுவும் பெனால்டி கொடுத்த சூட்டோடு வேண்டாம். யாருக்காவது அடிபட்டு ஆட்டம் நிற்கும்போதோ இடைவேளையிலோ போய், "சார், டாக்கிள் பண்ணினவர் அடுத்த தடவை என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டால் அவர் தன் முடிவுக்குக் காவல் நிற்கத்தான் பார்ப்பார். முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை உடனே அணிக்குச் சொல்லிவிடலாம்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர், நண்பர்களையும் கிளப்தான் அடக்க வேண்டும். உள்ளூர் ஆட்டத்தில் பக்கக் கோட்டில் கொடி பிடித்து ரெஃப்ரிக்கு உதவுபவரே பெரும்பாலும் ஏதோ ஒரு கிளப்பின் ஆள்தான், 30 பேர் நடுவில் அந்த ரெஃப்ரி தனி ஆள், சிலது கண்ணில் படாமல் போகத்தான் செய்யும். 2023 ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் ரெஃப்ரி வேய்ன் பார்ன்ஸின் குடும்பத்துக்கே மிரட்டல்கள் வந்தன. சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து வருகிறவரிடம் நாமும் இப்படி நடந்தால் அடுத்த சீசனுக்கு யார் வருவார்கள்?

ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்து, சாப்பிடக் கூட்டிப் போங்கள். பெரிய தவறு நடந்ததாகவே தோன்றினால் ஒரு நாள் ஆறப்போட்டு, எந்த நிமிடம், என்ன நடந்தது என்று எழுதி, வீடியோ இருந்தால் அதையும் சேர்த்து, கிளப் செயலாளர் மூலம் நடுவர் சங்கத்துக்கு அனுப்புங்கள்.