நாலு வெண்பன்றி வளர்த்துக் கறிக்கு விற்க

வெண்பன்றி வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தாய்ப்பன்றியில்தான் கண் வைக்கிறார்கள்; ஈத்துக்கு எட்டுப் பத்துக் குட்டி, வருஷத்துக்கு இரண்டு ஈத்து என்று மனக்கணக்கு ஓடிவிடும். முதல் தடவை அது வேண்டாம். சினைக்காலமே 114 நாள், அப்புறம் தாய் படுக்கும்போது குட்டி நசுங்காமல் ராத்திரி விழித்திருக்க வேண்டும், அதுவரைக்கும் தாய்க்கு நீங்கள் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பால்குடி மறந்த இரண்டு மாதக் குட்டியாக நாலைந்து வாங்கி, கறிக்காக எடை ஏற்றி விற்பதுதான் கையைக் கடிக்காது.

குட்டிகளை ஒரே பண்ணையில், முடிந்தால் ஒரே ஈத்தில் எடுங்கள்; சண்டை குறையும், நோயும் கலக்காது. தொப்புளில் வீக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆண் குட்டியைச் சில வாரத்திலேயே காயடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்தபின் கறியில் ஒரு வாடை வரும். பிறந்த மூன்று நாலு நாளில் இரும்புச்சத்து ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். சிமெண்ட் தரையில் பிறக்கும் குட்டிக்குத் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்பு போதாது, வெளுத்துச் சோர்ந்துவிடும்.

கொட்டிலுக்குப் பெரிய செலவு வேண்டாம். வளரும் பன்றி ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி, வழுக்காத சொரசொரப்புத் தரை, கழுவினால் நீர் ஓடும் சரிவு, நிழல். பன்றிக்கு வேர்க்காது என்பதால் சித்திரை வைகாசி வெயிலில் மதியம் இரண்டு மூன்று தடவை குழாயால் நனைத்துவிட வேண்டும். கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தள்ளியே கட்டுங்கள், வாடை பிரச்சினையில் மூடிய கொட்டில்கள் நிறைய.

இனி தீனி, லாபமும் நஷ்டமும் இங்கேதான். முழுக்க அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) போட்டால் ஒரு கிலோ எடை ஏற மூன்று நாலு கிலோ தீவனம் போய்விடும். அதனால்தான் ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டப மீதிச் சாப்பாட்டை நம்பி ஆட்கள் வளர்க்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள், ஆனால் பச்சையாகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக், எலும்பு, பல்குத்தும் குச்சி பொறுக்கிவிட்டு, கிளறிக்கிளறி நன்றாகக் கொதித்தபின் அரை மணி நேரம் அடுப்பில் விட்டு, ஆறவைத்துப் போடுங்கள். விறகுச் செலவுதான், தெரியும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மீதிச் சாப்பாட்டில் வரும் பன்றிக் கறித் துண்டு வழியாகவும் பரவும். இந்தியாவில் 2020-ல் அசாம் பக்கம் ஆரம்பித்தது, 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றிவரை வந்துவிட்டது. நம் ஊரில் அதற்குத் தடுப்பூசி இல்லை. மனிதருக்குத் தொற்றாது என்றாலும் கொட்டிலில் புகுந்தால் அனேகமாக எதுவும் மிஞ்சாது. ஊறுகாய், கருவாடு கலந்து வந்தால் உப்பு ஏறும், குடிதண்ணீரும் குறைவாக இருந்தால் வலிப்பு வந்து சாகும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிற்கட்டும்.

சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கும் கோமாரிக்கும் தடுப்பூசி உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள், குடல்புழு மருந்தும் அவர் சொல்கிறபடி. பன்றியை வெளியே மேய விடவே கூடாது. மனித மலத்தைத் தின்றால் அதிலுள்ள நாடாப்புழு முட்டை உள்ளே பொரித்து, இளம்புழு கறியில் கட்டியாக வந்து நிற்கும். வியாபாரி உட்பட யாரும் வெளிச்செருப்போடு உள்ளே வரவேண்டாம். மற்ற கொட்டில்களுக்கும் போய் வருகிற கால் அது.

மீதிச் சாப்பாட்டில் எட்டு பத்து மாதத்தில் 90, 100 கிலோ வரும், அடர்தீவனம் கூடினால் அதற்கும் முன்பே. அதற்கு மேல் வைத்திருந்தால் தின்பதெல்லாம் கொழுப்பாகத்தான் போகும். விலை உயிர் எடைக்கு, வியாபாரி கண்ணால் பார்த்து எடை சொல்வார், சொல்வதெல்லாம் குறைத்துத்தான் இருக்கும். தராசு இல்லையா, டேப் எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை நீளம், இரண்டும் மீட்டரில். சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் தோராயமாக கிலோ வரும். சுற்று 1.05, நீளம் 1.10 என்றால் 84 கிலோ. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கேரளா பக்கம் அனுப்புவதாக இருந்தால் அந்தச் சமயம் நோய்த்தடை ஏதும் இருக்கிறதா என்று முன்னாடியே விசாரியுங்கள். 2022-ல் வெளிமாநிலப் பன்றியை உள்ளே விடாமல் நிறுத்தியிருந்தார்கள். வண்டி ஏற்றுவது ராத்திரியில் அல்லது விடியற்காலையில், அதற்கு முன் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். கொட்டில் காலியானதும் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரம் வெறுமனே போட்டுவிட்டு அடுத்த குட்டிகளை இறக்குங்கள்.