ஆள் நடத்துகிறவர்களின் அசதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்திலிருந்து கேரளத்தின் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வெயில் ஏறுவதற்குள் கம்பம்மெட்டையும் குமுளியையும் போடிமெட்டையும் கடந்துவிடும். வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் வேலை தோட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆள் கூட்டிப் போகிறவருக்கு மட்டும் முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. யார் வருகிறார்கள், யாருக்குக் காய்ச்சல், ஆள் குறைந்தால் முதலாளியிடம் என்ன சொல்வது என்று தூங்கும்வரை மனசு ஓடிக்கொண்டே இருக்கும். கங்காணி, சூப்பர்வைசர், குழு அக்கா என்று தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் வேறு, பாடு ஒன்றுதான். இவர்கள் நேரத்துக்கும் கூலிக்கும் கச்சிதமாகக் கணக்கு வைக்கிறார்கள். தங்கள் தெம்புக்குக் கணக்கு வைப்பதில்லை. கீழே வரும் தவறுகள் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

எல்லா அசதியையும் ஒன்றாக நினைப்பது

உடம்பு அசதி தூங்கினால் போய்விடும். தூங்கி எழுந்தும் போகாத ஒன்று உண்டு. அதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தால் வருவது என்று வரையறுத்தது. அடையாளங்கள் மூன்று: வற்றிப்போன உணர்வு, வேலையின் மீது விலகலும் வெறுப்பும், ‘நான் செய்வதில் ஒரு பலனும் இல்லை’ என்ற எண்ணம்.

தோட்டத்தில் இது எப்படித் தெரியும்? எந்த அக்காவுக்கு முழங்கால் வலி, யாருடைய மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு என்று தெரிந்து வைத்திருந்தவர், இப்போது தலைகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வார். சின்னக் கேள்விக்கும் எரிந்து விழுவார். காலையில் ஜீப்பில் அவர் முகம் இருக்கும் மாதிரிதான் அன்றைக்குக் குழுவின் பேச்சும் இருக்கும். ஆகவே இது அவர் ஒருவரின் கஷ்டமாக மட்டும் நிற்பதில்லை.

கண் செருகும் நேரத்தில் முடிவெடுப்பது

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, டிபன் கட்டிக் கிளம்புகிறவர் இரவு ஒன்பது மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்படி விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். அந்த ஒன்பது மணிக்குத்தான் நம் குழு அக்கா நாளைய ஆள் பட்டியலைப் போடுகிறார், கூலித் தகராறு தீர்க்கிறார், முதலாளியிடம் போனில் வாக்குக் கொடுக்கிறார்.

பட்டியலை ஜீப் இறங்கி வரும்போதே முடித்துவிடலாம். எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள், ஒரு போனும் தேவையில்லை. பணத் தகராறு எதுவானாலும் ‘காலையில் பேசுவோம்’ என்று தள்ளுங்கள். பாதித் தகராறுகள் விடிந்ததும் சுருங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

காய் உலர்த்தும் ஸ்டோரில் இருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கடுமை. பறித்த காயைத் தாமதிக்காமல் உலர்த்த வேண்டும், இரவெல்லாம் சூடு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறுப்பாளரே ராத்திரியும் விழித்து, பகலில் எடை போடவும் நின்றால் கணக்கு தப்பும், காயும் கெடும். இரவுக்கு முறை வைத்து ஆள் மாற்றுவதைச் செலவாகப் பார்க்கக் கூடாது. டீயைக் குடித்துச் சமாளிப்பதும் உதவாது: குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பொழுது சாய்ந்தபின் குடிக்கும் டீ, அடுத்த நாளின் தெம்பிலிருந்து வாங்கும் கடன்.

‘நான் இல்லாவிட்டால் நடக்காது’

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு, நல்லவர்கள் செய்கிற தவறும் இதுதான். எடை பார்ப்பது, ஆஜர் போடுவது, அட்டை கடித்தால் மருந்து கொடுப்பது எல்லாம் ஒரே ஆள். இதற்கு மேல், நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சுமை இருக்கிறது. முதலாளியோ, தோட்டக் கணக்கு எழுதும் ரைட்டரோ மலையாளத்தில் சொல்வதைக் குழுவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், குழுவின் கோபத்தைத் தணித்து மலையாளத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர் நடுவில் நிற்பவர்தான். இந்த வேலைக்குக் கூலிச் சீட்டில் பத்தி கிடையாது. ஆனால் நாள் முழுக்கக் காய் எடுப்பதைவிட இது ஆளைச் சாய்த்துவிடும்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போதும் ஒரு பிழை நடக்கிறது. ‘நீ எடையைப் பார், சந்தேகம் வந்தால் என்னிடம் கேள்’ என்று கொடுப்பதால் உங்கள் தலையில் எதுவும் குறையாது, கேள்விகள்தான் கூடும். ‘அரைக் கிலோ வித்தியாசம் வரை நீயே முடிவு பண்ணு’ என்று அதிகாரத்தோடு கொடுங்கள். நன்றாக மலையாளம் பேசும் இளம்பெண் ஒருத்தி எல்லாக் குழுவிலும் இருப்பாள். ரைட்டரிடம் பேசும் வேலையை வாரத்தில் சில நாள் அவளிடம் விடுங்கள். முதலில் தடுமாறுவாள். தடுமாறட்டும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது

இதைச் சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். ஒதுங்க இடமில்லாத தோட்டங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். லேசான நீர்க்குறைவே தலைவலி, சிடுசிடுப்பு, கவனக்குறைவு எல்லாவற்றையும் கொண்டுவரும். சிறுநீர்த் தொற்றுக்கும் வழி விடும். மற்றவர்கள் குடிக்க வேண்டுமானால் தலைமையில் இருப்பவர் முதலில் குடிக்க வேண்டும், கழிப்பறை வேண்டும் என்று தோட்டத்தில் கேட்கவும் வேண்டும். இது சலுகை இல்லை, வேலைக்கான அடிப்படை வசதி.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புவது

ஏலக்காய் பறிக்கும் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரை ரவுண்டு ரவுண்டாகப் போகும். அத்தனை மாத அசதியை வாரத்தில் ஒரு நாளால் ஈடுகட்ட முடியாது, அதுவும் அந்த நாள் துணி துவைக்கவும் ரேஷன் வாங்கவும் போய்விடும்போது. தினமும் கொஞ்சம் மீள வேண்டும்: போனை எடுக்காத ஒரு மணி நேரம், வேலைப் பேச்சு இல்லாத ஒரு சாப்பாடு, ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். வீட்டு ஆண்கள் அடுப்படிக்கு வராமல் இது நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

எல்லாம் தன் குறை என்று எடுத்துக்கொள்வது

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளாக பர்ன்அவுட்டை ஆராய்ந்தவர். அவரும் மைக்கேல் லைட்டரும் காட்டும் காரணங்கள் வேலை நடக்கும் விதத்தில் இருக்கின்றன: வேலைப்பளு, சொந்தமாக முடிவெடுக்க இடமில்லாமை, கிடைக்காத பலன், குலைந்த உறவு, அநியாயம், மனசாட்சிக்கு ஒவ்வாத வேலை. கூலிப் பட்டுவாடா தள்ளிப்போய், அந்தக் கோபத்தை எல்லாம் கங்காணி தாங்கும் இடத்தில் தியானமும் மூச்சுப்பயிற்சியும் எவ்வளவு தூரம் உதவும்? அங்கே பேச வேண்டியது முதலாளியிடம்தான். பேசுவதற்கு ஏற்ற நேரம், எடுப்பு தொடங்குவதற்கு முன்னால். கூலி எந்தக் கிழமை வரும், எத்தனை பேருக்கு ஒரு பொறுப்பாளர், மாலையில் எத்தனை மணிக்கு மேல் போன் வராது என்ற மூன்றையும் அப்போதே பேசி முடியுங்கள். ஆள் தேவைப்படும் அந்தச் சமயத்தில் உங்கள் சொல்லுக்கு எடை உண்டு.

இத்தனையும் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலோ காத்திருக்காதீர்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.