வெயிலில் நிற்கும் காருக்கு வாக்ஸா, சீலன்ட்டா?

கார் பெயின்ட்டின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரசாயனமும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. இது தேய்ந்தால் திரும்ப வளராது. பானட்டும் ரூஃபும் வெளுத்துப் பொருக்கு பொருக்காக உரிய ஆரம்பித்துவிட்டால், மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாக்ஸும் சீலன்ட்டும் இந்தக் கிளியர் கோட்டின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகப் படியும் பூச்சுகள். பறவை எச்சம், உப்புத் தண்ணீர், மரப்பிசின், பூச்சிக்கறை எதுவானாலும் முதலில் இதன்மேல்தான் விழும். துடைத்தெடுக்க உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான் இதன் வேலை. கீறல் விழாமல் தடுக்காது, விழுந்த கீறலைப் போக்காது, வெளுத்த நிறத்தை மீட்காது. இவற்றைச் செய்வதாகச் சொல்லும் டப்பாவில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும். அது பாலிஷ், ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டித்தான் பளபளப்பைக் காட்டும். ‘கிளீனர் வாக்ஸ்’, ‘பாலிஷ் அண்ட் வாக்ஸ்’ என்று போட்டிருப்பவையும் பெரும்பாலும் இந்த வகைதான். பழைய காருக்கு வருடத்துக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை, மாதாமாதம் போடக்கூடாது.

எதை வாங்குவது

கார் எங்கே நிற்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கார்னோபா வாக்ஸ் என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. தனியாக எடுத்தால் 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். ஆனால் டப்பாவில் இருப்பது தனிக் கார்னோபா அல்ல. பூசுவதற்கு வசதியாக எண்ணெயும் கரைப்பானும் மென்மையான மெழுகுகளும் சேர்த்த கலவை. மே மாத வெயிலில் கறுப்புக் காரின் பானட் 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இது ஆறு வாரம் தாங்கினாலே பெரிது. மூடிய பார்க்கிங்கில் நிற்கும் கார், கறுப்பு அல்லது அடர் சிவப்பு நிறம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பூசப் பொறுமை இருக்கிறது என்றால் கார்னோபா வாங்கலாம். அடர் நிறத்தில் அது தரும் ஆழம் அழகாகத்தான் இருக்கும்.

தெருவிலோ ஆபீஸ் வாசலிலோ நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்குச் செயற்கை பாலிமர் சீலன்ட்தான் சரி. சூட்டுக்கு இளகாது, ஒழுங்காகப் பூசினால் நான்கைந்து மாதம் நிற்கும். வெள்ளை, சில்வர் கார்களில் கார்னோபாவின் ஆழம் எப்படியும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றுக்கு யோசிக்காமல் சீலன்ட் வாங்குங்கள். சிலிக்கா கலந்த ஸ்ப்ரே சீலன்ட்கள் இன்னும் சுலபம், இரண்டு மூன்று மாதம் வரும். இரண்டையும் போட ஆசை என்றால் முதலில் சீலன்ட், மறுநாள் அதன்மேல் வாக்ஸ். மாற்றிப் போட்டால் மெழுகின் எண்ணெய்ப் பசையில் சீலன்ட் பிடிக்காது.

ஷோரூமில் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். டெஃப்லான் உருகுவதே 327 டிகிரியில். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க அதற்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள். கார் பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே அந்தப் பெயரில் உங்கள் காரில் தங்குவது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் சாதாரண வாக்ஸோ சீலன்ட்டோதான். அதை நீங்களே ஒரு காலைப்பொழுதில் பூசிவிடலாம்.

டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். கம்பெனியில் பெயின்ட்டை 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுப்பதால் புதுக் காருக்கு வாங்கிய அன்றே பூசலாம். ஒர்க்‌ஷாப் பெயின்ட்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற நாளாகும். பெயின்ட் அடிக்கும் மூடிய அறையில் (பூத்) சூடேற்றிக் காயவைத்தது என்றால் ஒரு மாதம், வெளிக்காற்றில் காய்ந்தது என்றால் இரண்டு மூன்று மாதம் விடுங்கள். முன்னாலேயே மூடிவிட்டால் பெயின்ட் சரியாக இறுகாமல் மங்கிப்போகும். மேட் ஃபினிஷ் பெயின்ட்டுக்குச் சாதாரண வாக்ஸோ சீலன்ட்டோ கூடவே கூடாது.

தண்ணீர்

நம் ஊரில் பெயின்ட்டைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்தது போர் தண்ணீர். ஒவ்வொரு துளியும் காயும்போது கால்சியமும் மெக்னீசியமும் ஒரு வெள்ளை வளையமாகப் படியும். வெயிலில் வெந்தால் அந்த வளையம் கிளியர் கோட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். வாக்ஸ் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது போர் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு கறை. கழுவிய காரை அப்படியே ஓட்டிக் காயவைப்பது, வெயிலில் நிறுத்திக் காயவைப்பது இரண்டும் வேண்டாம். நிழலில் நிறுத்தி, பெரிய மைக்ரோஃபைபர் டவலால் உடனே ஒற்றியெடுங்கள்.

ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கார் கழுவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்தும் எண்ணம் நல்லது, ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள்: உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீர் அது. மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசியாக ஊற்ற ஒரு வாளி இருந்தால் போதும், வளையம் விழாது. மழைத் தண்ணீரும் அப்படியே.

ஏற்கெனவே படிந்த வளையத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு நன்றாக அலசுங்கள். அதற்கும் போகாத வளையம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பாலிஷ்தான். வினிகர் பழைய வாக்ஸையும் அரித்துவிடும் என்பதால் புதிதாகப் பூசும் நாளில் இதைச் செய்வது நல்லது.

பூசுவதற்கு முன்

இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் பைப்பால் மண்ணை அடித்துக் கழுவி விடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக, ஒரு பாகம் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். சோப் ஆயில், பாத்திரம் கழுவும் லிக்விட், துணி சோப்பு எதுவும் வேண்டாம்.

வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் கழுவும் முறையால் வருபவைதான். அபார்ட்மென்ட்டில் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில் பத்துக் கார் துடைக்கும்போது முதல் காரின் மண் பத்தாவது காரைத் தேய்க்கிறது. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கழுவியதும் கையை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு பானட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது இப்போது சொரசொரப்பாக இருக்கும். பிரேக் தூசி, இரும்புத் துகள், மரப்பிசின் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது. இவற்றை ஒட்டி இழுத்தெடுக்கும் மென்மையான களிமண் கட்டிதான் க்ளே பார். அதில் 50 கிராம் கிள்ளி உள்ளங்கை அளவு தட்டையாக்குங்கள். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அழுத்தாமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் கிரீச்சென்று இழுக்கும். அழுக்கு வந்ததும் சத்தமில்லாமல் வழுக்கும். களிமண் பழுப்பானால் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். தரையில் விழுந்துவிட்டால் எடுக்காமல் குப்பையில் போடுங்கள், ஒட்டிய ஒரு மணல் போதும் பானட் முழுக்கக் கோடு போட. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் க்ளே தேவையில்லை.

சீலன்ட் போடுவதானால் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது. 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் நான்கு பங்கு கலந்து, ஸ்ப்ரே செய்து துடைத்துவிடுங்கள்.

பூசும் விதம்

காலை எட்டு மணிக்குள், நிழலில். புறங்கையை பானட்டில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு பூசினால் கரைப்பான் நொடியில் பறந்து, மிச்சம் திட்டுத் திட்டாகக் காய்ந்து துடைக்கவே வராது.

முதலில் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர் பீடிங் ஓரமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதில் பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும். பட்டுக் காய்ந்ததைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் ஓரளவு வந்துவிடும். முன் கண்ணாடியிலும் படாமல் பாருங்கள். மழையில் வைப்பர் ஓடும்போது மங்கல் கட்டும்.

எல்லோரும் தவறுவது அளவில்தான். ஒரு கதவுக்குப் பட்டாணி அளவில் நான்கைந்து துளி சீலன்ட் போதும். ஹேட்ச்பேக் முழுவதற்கும் 25 முதல் 30 மில்லி. 473 மில்லி பாட்டில் பதினைந்து தடவை வரும். பேஸ்ட் வாக்ஸ் என்றால் ஃபோம் பஞ்சை டப்பாவில் கால் சுற்றுச் சுற்றி எடுங்கள், கார் முழுவதற்கும் 10 முதல் 15 கிராம். பூசிய இடம் சன்னமாக மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். தடிமனாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்பது கிடையாது. பெயின்ட்டைத் தொடும் அடுக்கு மட்டுமே பிடிக்கும், மேலே உள்ளது துணியோடு வந்துவிடும்.

காய்ந்ததா என்று கடிகாரம் பார்க்காதீர்கள். ஓரமாக ஒரு விரலால் இழுங்கள். விரல் போன தடம் பளிச்சென்று தெளிவாக இருந்தால் துடைக்கலாம். ஈசிக்கொண்டு கலங்கினால் இன்னும் பொறுங்கள். வாக்ஸுக்கு நம் வெயில் காலத்தில் ஐந்து நிமிடத்திலேயே ஆகிவிடும். ஒவ்வொரு பாகமாகப் பூசித் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். சீலன்ட்டுக்கு 15 முதல் 30 நிமிடம். இரண்டு பாகம் சேர்த்துச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரண்டுமே தாமதமாகும்.

துடைக்க 300 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை) குறையாத மைக்ரோஃபைபர் இரண்டு வேண்டும். முதல் துணி மங்கலை எடுக்க, இரண்டாவது மெருகேற்ற. ஓரத்து லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், அது கீறும். நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும், அழுக்கானதும் திருப்புங்கள்.

துடைத்த பிறகும் எண்ணெய்க் கோடு மாதிரி தெரிந்தால் ஒன்று அதிகம் பூசியிருக்கிறீர்கள், அல்லது காயுமுன் துடைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் அதே வாக்ஸை மிகக் கொஞ்சமாகத் தடவி உடனே துடையுங்கள். அதிலுள்ள கரைப்பான் பழைய பூச்சை இளக்கி எடுத்துவிடும். சீலன்ட் இரண்டாவது கோட் போட்டால் விட்டுப்போன இடங்கள் நிரம்பும், ஆனால் 12 மணி நேரமாவது கழித்து. மூன்றாவது கோட் வீண். முதல் நாள் முழுக்க மழையோ பனியோ படாமல் கூரைக்கடியில் நிறுத்துங்கள். கார் கவரும் அன்று வேண்டாம்.

எப்போது, எத்தனை தடவை

சீலன்ட் என்றால் மாசிக் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறை. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை. புரட்டாசியில் பூசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயுத பூஜைக்கு பானட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் வெறும் பெயின்ட்டில், முக்கியமாக வெள்ளைக் காரில், இரண்டு மூன்று நாள் விட்டால் சாயம் இறங்கிவிடும். சீலன்ட் மேல் வைத்தால் சுலபமாக வந்துவிடும். அப்போதும் காய்ந்த சந்தனத்தைத் துணியால் தேய்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு வழித்தெடுங்கள். வாழைக்கன்று கட்டும் கயிறு பெயின்ட்டில் உரசாமல் அடியில் ஒரு துணி வையுங்கள்.

நாவல் மரத்தடியில் நிறுத்தும் வழக்கம் இருந்தால் பழக் காலத்தில் இடத்தை மாற்றுங்கள். பறவை எச்சம் எந்தக் காலத்திலும் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும்: நனைத்த டிஷ்யூவை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்து, தூக்கி எடுங்கள். தேய்த்தால் அதிலுள்ள மண்ணும் விதையும் கீறும்.

பூச்சு இருக்கிறதா போய்விட்டதா என்று அறிய, ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைப் பானட்டில் ஊற்றுங்கள். தூசி படிந்த காரில் இந்தச் சோதனை சரியாக வராது. தண்ணீர் உருண்டு ஓடினால் இன்னும் இருக்கிறது. தட்டையாகப் பரவி அங்கேயே தேங்கினால் போய்விட்டது. முதலில் போவது ரூஃபும் பானட்டும்தான். கதவுகள் பல வாரம் கூடத் தாங்கும். அந்த இரண்டுக்கு மட்டும் 10 மில்லி எடுத்துப் புதுசாகப் பூசிவிட்டு, மற்றதை அடுத்த சுற்றுக்கு விடலாம்.