ஆப்ஜெக்ட்டைக் கோப்பில் சேமிக்க: பைத்தானின் பிக்கிள்

நிரல் முடிந்ததும் அதிலிருந்த ஆப்ஜெக்ட்டுகளும் நினைவகத்தோடு போய்விடும். அவற்றைப் பைட்டுகளாக்கிக் கோப்பில் எழுதி, பிறகு மறுபடி ஆப்ஜெக்ட்டாகவே எடுப்பதுதான் சீரியலைசேஷன். பைத்தானோடு கூடவே வரும் பிக்கிள் மாட்யூல் இதற்குப் போதும்.

படி 1: ஆட்டக்காரர் என்றொரு கிளாஸ் எழுதுங்கள் (பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்). பெயர், புள்ளி என இரண்டு பண்புகள். கிளாஸைத் தனிக் கோப்பில் வையுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன், காரணம் பின்னால் வருகிறது.

படி 2: வேறொரு நிரலில் அதை இம்போர்ட் செய்து, 120 புள்ளிகளோடு ஓர் ஆப்ஜெக்ட் உருவாக்குங்கள். கோப்பை 'டபிள்யூ-பி' (பைட்டுகளாக எழுதும்) முறையில் திறந்து, டம்ப் ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்ட்டையும் கோப்பையும் இதே வரிசையில் கொடுங்கள். 'பி' விடுபட்டால் டைப்எரர் வரும்.

படி 3: இன்னொரு நிரலில் 'ஆர்-பி' (பைட்டுகளாகப் படிக்கும்) முறையில் திறந்து லோடு செய்யுங்கள். புள்ளியை அச்சிட்டால் 120. இனி, ஆப்ஜெக்ட் உருவாகும்போது வழக்கமாகத் தானே ஓடும் இனிட் மெத்தடில் ஒரு பிரின்ட் வரியைச் சேர்த்து, மறுபடி லோடு செய்து பாருங்கள். அந்த வரி அச்சாகாது! பிக்கிள் இனிட்டை அழைப்பதில்லை. பண்புகளை நேரடியாக நிரப்பிவிடுகிறது.

படி 4: சேமித்த கோப்பைப் பிக்கிள்டூல்ஸ் மாட்யூலின் டிஸ் ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். மாட்யூலின் பெயர், கிளாஸின் பெயர், பண்புகள், 120 எல்லாம் தெரியும். மெத்தடுகளில் ஒரு வரிகூட இருக்காது. பெயரை வைத்துத்தான் கிளாஸைத் தேடுகிறது. மாட்யூலின் பெயரை மாற்றினால் பழைய சேமிப்பு திறக்காது. கிளாஸை முதன்மை நிரலிலேயே எழுதியிருந்தால் மாட்யூல் 'மெயின்' என்று பதிவாகும். அந்தக் கிளாஸ் இல்லாத நிரலில் லோடு செய்தால் அட்ரிபியூட்எரர்தான்.

பின்னொரு நாள் 'உயிர்' என்ற பண்பை இனிட்டில் சேர்த்துவிட்டு, பழைய கோப்பைத் திறந்து, ஒரு மாலை முழுக்க இதே பிழையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இனிட் ஓடாதபோது அந்தப் பண்பு எங்கிருந்து வரும்? கிளாஸுக்குள், மெத்தடுகளுக்கு வெளியே, 'உயிர் = 3' என்று ஒரு வரி போதும். ஆப்ஜெக்ட்டில் இல்லாததைப் பைத்தான் கிளாஸில் தேடிக்கொள்ளும்.

திறந்திருக்கும் கோப்பு, நெட்வொர்க் இணைப்பு, லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) ஆகியவற்றைப் பிக்கிள் ஏற்காது.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய பிக்கிள் கோப்பை லோடு செய்யவே செய்யாதீர்கள்; அதில் ஒளித்துவைத்த கட்டளை லோடு ஆகும்போதே ஓடிவிடும். வெளியாட்களோடு தரவைப் பகிர, வெறும் உரையாகத் தரவை எழுதும் ஜேசான் வடிவம் போதும். என்ன, கிளாஸை மட்டும் நீங்களே மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும்.