அந்த 50 நிமிடங்கள் யாருடையவை? இணையவழி மனநல ஆலோசனையில் பராமரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதி நோய் கண்ட என் தாயாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட காலத்தில், முதன்முதலாக ஒரு மருத்துவ உளவியலாளருடன் வீடியோ அழைப்பில் பேசியபோது, எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த 50 நிமிடங்களில் 40 நிமிடங்களை அம்மாவின் மாத்திரைக் கணக்கைச் சொல்வதிலும், இரவு 2 மணிக்கு அவர் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு "ஊருக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுவதை விவரிப்பதிலும் செலவழித்தேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்த அவர் கடைசியில், "நீங்கள் ஓர் இரவு முழுக்கத் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெற்றோரும் பராமரிப்பவர்களும் செய்கிற முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். படுக்கையில் இருக்கும் மாமனாராகட்டும், ஆட்டிசம் உள்ள குழந்தையாகட்டும், பிளஸ் டூ படிக்கும் மகனாகட்டும், யாரைப் பார்த்துக்கொள்கிறோமோ அவருக்காகப் பேச வந்தவராகவே நாம் ஆலோசகர் முன் உட்கார்ந்துவிடுகிறோம். மருத்துவமனைக்குத் துணையாகப் போய்ப் போய் வந்த பழக்கம் அது. அவருடைய சிகிச்சையைக் கவனிக்க அவருடைய மருத்துவர் இருக்கிறார். இந்த நேரம் பார்த்துக்கொள்பவருக்கு உரியது. பராமரிப்புச் சுமையை அளக்கப் பல நாடுகளில் பயன்படுத்தப்படும் சாரிட் வினாப்பட்டியலில் 22 கேள்விகள் உண்டு. உங்களுக்கென்று நேரம் மிஞ்சுகிறதா, அவருடைய நடத்தையால் பிறர் முன் கூச்சப்படுகிறீர்களா, அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்று அது பராமரிப்பவரைத்தான் விசாரிக்கிறது. ஆகவே, முதல் அமர்வுக்கு முன் உங்கள் தூக்கம், சாப்பாடு, கோபம், அழுகை ஆகியவற்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த அரைப் பக்கத்தில் பெரும்பாலோர் எழுதாமல் விடுகிற ஒன்று உண்டு. குளிக்க மறுத்த அம்மாவின் கையை ஒருநாள் நான் அழுத்திப் பிடித்து இழுத்ததில் அவருடைய மணிக்கட்டில் என் விரல் தடம் பதிந்துவிட்டது. அதை ஆலோசகரிடம் சொல்ல எனக்கு ஐந்து அமர்வுகள் பிடித்தன. சொன்ன பிறகுதான் ஆலோசனை உண்மையில் தொடங்கியது என்பேன். வெளியே போய்விடுமோ என்ற அச்சம் இருந்தால் முதல் நாளே கேட்டுவிடலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஒருவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்னும் நிலை அதற்கு விலக்கு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எந்த எல்லை வரை ரகசியம் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தயங்கும் ஆலோசகரிடம் நீங்களும் தயங்கித்தான் பேசுவீர்கள்.

அடுத்தது இடம். இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது என்பது பலருக்கு வாய்க்காத வசதி. இயர்போன் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள், அது எதிர்முனையின் குரலை மட்டுமே மறைக்கிறது, தங்கள் குரலை மறைப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவே கிசுகிசுத்துப் பேசினால், மாமியாரைப் பற்றி ஒரு வாக்கியம்கூட முழுதாக வராது. நான் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன். எனக்குத் தெரிந்த ஒருவர் நிறுத்தி வைத்த காருக்குள் இருந்து பேசுகிறார். யாராவது வந்துவிட்டால் "பால் வாங்கணும்" என்று சொல்வது எனக்கும் என் ஆலோசகருக்கும் இடையிலான குறிப்பு. உடனே அவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு மாறிவிடுவார். வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனில் அமர்வு நினைவூட்டல் வருமாறு வைப்பதும் தவிர்க்க வேண்டியதே.

யாரிடம் பேசுகிறோம் என்று விசாரிக்காமல் பணம் கட்டுவது இன்னொரு தவறு. 'கவுன்சலர்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களை வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்தவரும் போட்டுக்கொள்கிறார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருந்து எழுதிக் கொடுப்பது மனநல மருத்துவரின் வேலை. இணையவழியில் மருத்துவம் பார்ப்பவர் தம் பதிவு எண்ணை நோயாளிக்குத் தெரியும்படி தர வேண்டும் என்று 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. என் உறவினர் ஒருவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பத்து அமர்வுகளுக்கு மொத்தமாகக் கட்டினார்; இரண்டாவது அமர்வோடு ஆலோசகர் மாறிவிட, மூன்றாவதில் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதாயிற்று. ஆலோசனைச் செயலி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமல் பதில் கொடுப்பதும் வேண்டாம். பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மனநலம் குறித்து அவர்கள் தந்த பதில்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்த விவகாரத்தில், இணையவழி ஆலோசனை நடத்தும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் நடவடிக்கை எடுத்தது.

பணம் இல்லை என்பதால் பேசாமலே இருந்துவிடுவதற்கும் காரணமில்லை. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணமோ, பராமரிப்பில் இருப்பவரை ஏதாவது செய்துவிடுவோம் என்ற பயமோ வந்தால், அடுத்த வியாழக்கிழமை அமர்வு இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது.

ஆலோசகரை நாட்டாமையாக்கும் பெற்றோரும் உண்டு. மகனுடன் போட்ட சண்டையைப் பதிவு செய்து அனுப்பி, "யார் மேல் தப்பு, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பதாலோ, மகளின் அமர்வின்போது கேமராவுக்குப் பின்னால் நின்று கேட்பதாலோ பிள்ளைகள் வாய் திறப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பொறுமையைக் கற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்போடு போவதையும் நான் தவறு என்றே சொல்வேன். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்வதால் வரும் களைப்பு மூச்சுப் பயிற்சியில் தீராது; அங்கே தேவை இன்னொரு கை. எனக்கு ஆலோசனையால் விளைந்த பெரும்பயன், அண்ணனிடம் என்ன சொல்வது என்பதை இரண்டு அமர்வுகளில் சொல்லிப் பார்த்துப் பழகியதுதான். "அண்ணா, சனிக்கிழமை ராத்திரி அம்மா உன் பொறுப்பு" என்ற அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் பழைய கணக்கு எதையும் இழுக்காமல் நிறுத்திக்கொள்ள எனக்கு அவ்வளவு பயிற்சி தேவைப்பட்டது. அவர் வரத் தொடங்கிய பிறகு வாரத்தில் ஓர் இரவு தூங்கினேன்.

அழைப்பைத் துண்டித்த கையோடு அடுப்படிக்குள் நுழைவதும் கூடாது. நேரில் போகிறவருக்குத் திரும்பி வரும் பேருந்துப் பயணமாவது மிச்சம். நமக்கு அதுவும் கிடையாது. அமர்வுக்கு ஒரு மணி நேரம் என்று வீட்டில் சொல்லி வைத்து, மிஞ்சும் பத்து நிமிடத்தில் மாடியில் இருந்த துளசித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, முகம் கழுவிக்கொண்டுதான் நான் கீழே இறங்குவேன்.