ஹெர்ரிங் முட்டைக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரத்தில், மார்ச் மாதவாக்கில், சில இடங்களில் கடல் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடும். ஹெர்ரிங் என்ற மீன் கூட்டம் முட்டையிட வந்திருக்கிறது. ஆண் மீன்கள் விடும் விந்துதான் நீரை அப்படி மாற்றுகிறது. பெண் மீன்களின் முட்டைகள் கடற்புல்லிலும் பாசியிலும் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. ஓடும் மீனை எண்ணுவது பெரும்பாடு. ஒட்டிய முட்டை ஓடாது. ஆகவே முக்குளிப்பவர்கள் இறங்கி முட்டையை மதிப்பிட்டு, அதிலிருந்து மீனின் எடையைக் கணக்கிடுகிறார்கள்.

பெண் மீனின் எடையில் ஒரு கிராமுக்குச் சுமார் 200 முட்டை. ஆணும் பெண்ணும் சரிபாதி என்று கொண்டால், 10 கோடி முட்டைக்கு ஒரு டன் மீன். இந்தக் கணக்கில் எல்லாமே பெருக்கல்தான். ஓரிடத்தில் இரண்டு மடங்கு பிசகினால் விடையும் இரண்டு மடங்கு பிசகும். பிடிப்பு அளவைத் தீர்மானிப்பதில் இந்த விடைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் தவறு, வெளிறிய நீரின் பரப்பையே முட்டைப் பரப்பாகக் கொள்வது. விந்து நீரோட்டத்தோடு நகரும், முட்டை நகராது. விமானத்திலிருந்து பார்த்தால் எங்கே தேடுவது என்று தெரியும், அவ்வளவுதான். அகலத்தைக் கீழே இறங்கித்தான் அளக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளக் கரையில் முட்டைப் பட்டை 50 மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 5 லட்சம் முட்டை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,500 கோடி முட்டை. 250 டன் மீன். அகலத்தை 100 மீட்டர் என்று எழுதிவிட்டால் அதே கரையில் 500 டன் மீன் முளைத்துவிடும்!

அடுத்தது, மாதிரி எடுக்கும் சதுரச் சட்டத்தை வைக்கும் இடம். கரைக்குச் செங்குத்தாகக் கயிற்றை விரித்து, குறித்த இடைவெளியில் சிறு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். நீருக்கடியில் கண் தானாகவே முட்டை அடர்ந்த இடத்தைத்தான் நாடும். கை சற்று விலகி அங்கே சட்டத்தை வைத்துவிட்டால் மாதிரி கெட்டது. முட்டையே இல்லாத சட்டங்களையும் சராசரியில் சேர்த்தாக வேண்டும்.

சட்டத்துக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு பாசிக்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கேழ்வரகு அளவு முட்டைகள் நுனியில் ஆறு அடுக்காகத் திரண்டிருக்கும். தண்டில் இரண்டே அடுக்கு. அடியில் வெறும் பாசி. பதிவுப் பலகையில் ஆறு என்று எழுதினால் தண்டுப் பகுதியைப் பொறுத்தவரை மூன்று மடங்கு பிழை. எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது, அங்கே சராசரியாக எத்தனை அடுக்கு என்று இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தரையிலிருந்து நீர்மட்டம்வரை நிமிர்ந்து நிற்கும் ராட்சதக் கெல்ப் பாசிக்குத் தரைச் சட்டம் போதாது. அதன் உயரத்தையும் தண்டுகளின் எண்ணிக்கையையும் வேறாகக் கணக்கிடுகிறார்கள்.

நேரம் தவறுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பிழை. முட்டை இரண்டு மூன்று வாரங்களில் பொரிந்துவிடும். அதற்குள் கடற்காகங்களும் கடல்வாத்துகளும் தின்னும். அலை பெயர்த்துக் கரையில் ஒதுக்கும். தாமதமாக இறங்கினால் எஞ்சியதைத்தான் எண்ணுகிறோம். முட்டைக்குள் கரும்புள்ளியாகக் கண் தெரிந்தால் பொரியும் காலம் நெருங்கிவிட்டது, கணிசமான இழப்பு நடந்திருக்கலாம் என்று பொருள். அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை வைத்து ‘மீன் குறைந்துவிட்டது’ என்று சொல்வது அநியாயம். அவசரப்பட்டு முன்கூட்டியே இறங்கினால், அடுத்த கூட்டம் வந்து இடும் முட்டை கணக்கில் வராது.

பழைய எண்களை ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடுவதும் தவறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் முக்குளிப்பு முறை முதன்மையானது 1988 முதல்தான். அதற்கு முன் கடல்நீர் வற்றி இறங்கும் நேரத்தில் நடந்தும் படகிலிருந்தும் பார்த்தார்கள். வரைபடத்தில் அந்த ஆண்டில் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால், மீன் மாறியதா, அளவுகோல் மாறியதா என்று முதலில் கேட்க வேண்டும்.

முட்டையிடுவதற்குச் சற்று முன் சினைக்காகப் பிடிபட்ட மீன் முட்டையிடவே இல்லை. அந்தப் பருவத்தில் வந்த மொத்த மீன் எவ்வளவு என்று கேட்டால், பிடிப்பையும் கூட்டியே சொல்ல வேண்டும்.

கடைசியாக, வெற்றுக் கட்டம். புயலாலோ ஆள் பற்றாக்குறையாலோ யாரும் போகாத விரிகுடாவைப் பட்டியலில் 0 என்று நிரப்பக் கூடாது. போய்ப் பார்த்து முட்டை இல்லையென்றால் 0, போகவில்லையென்றால் ‘அளக்கவில்லை’. அந்தக் கரையோரப் பழங்குடிகளான ஹெயில்சுக், ஹைடா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கெல்ப் பாசியில் ஒட்டிய முட்டையை உணவாக எடுத்துவருகிறார்கள். கடற்பகுதி முழுவதற்குமான கூட்டுத்தொகை நன்றாக இருந்தாலும், அவர்கள் அறுவடை செய்யும் விரிகுடாவில் பாசி வெறுமையாக இருக்கலாம். பட்டியலில் அந்த விரிகுடாவுக்குத் தனி வரி வேண்டும்.